நானூற்றுப் பன்னிரண்டு விண்மீன்கள்

மனிதகுலத்துக்கு ஓர் அறிவிப்பு: பால்வீதியின் மறுகரைவரை சென்ற மாபெரும் ஆய்வுப் பயணி, தளபதி திருமலைசாமி, எண்பத்து மூன்று நாட்களுக்குப் பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மனிதகுலம் அப்போது மதுக்கரைக் கறிக்கடையில் வரிசையில் நின்றது.

தளபதிக்கு வயது ஐம்பத்து மூன்று. லுங்கி, பனியன். மற்ற நாட்களில் சிமெண்ட் வியாபாரம். மாடியறையில் கணினித் திரைக்கு முன்னால், ஒரு கையில் கட்டுப்பாட்டுக் குச்சி, மறு கையில் வேகப்பிடி என்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விண்வெளி விளையாட்டில் ஒரு சட்டம். யாரும் போகாத விண்மீனை முதலில் கண்டவரின் பெயர் அதன்மேல் என்றைக்கும் நிற்கும். ஆனால் நிலையத்துக்குத் திரும்பி வந்து பதிந்தால்தான். வழியில் கப்பல் உடைந்தால் போனது போனதுதான். திருமலைசாமி கண்டவை நானூற்றுப் பன்னிரண்டு.

சிரிக்க வேண்டாம். கடைக்கு அவருடைய அப்பா பெயர். வீட்டுக்கு அம்மா பெயர். சொந்தக்காரர்களுக்கு அவர் 'சிமெண்ட்டுக்காரர்'. மின் கட்டண அட்டையில்கூட அவர் பெயர் இல்லை. எங்காவது ஓரிடத்தில் தன் பெயர் ஒட்டியிருக்கட்டும் என்று ஒரு மனிதன் நினைக்கக் கூடாதா?

கப்பலின் உடல் மூன்று சதவீதம்தான் மிச்சம். முன்கண்ணாடி உடைந்து, மூச்சுக்காற்று நான்கு நிமிடத்துக்குத்தான் இருந்தது. நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. நிலையத்தின் வாசல் தூரத்தில் ஒரு கீற்றாகத் தெரிந்தது. லேசாக உரசினாலும் சாம்பல்.

"ஏனுங்க!" கீழிருந்து மனைவி சென்னியம்மாள். "கோபியிலிருந்து கதிர்வேலு வந்திருக்காருங்க, பத்திரிக்கை வெக்க!"

"நாலு நிமிசம் அம்மணி! நாலே நிமிசம்!"

"அவரு மேலயே வாராருங்க."

பங்காளி முறைத் தம்பி கதிர்வேல் தட்டோடு வந்து நின்றார். தேங்காய், பழம், வெற்றிலை, மேலே பத்திரிகை.

"அண்ணா, நம்ம பொண்ணு கனிஷ்காவுக்குக் கல்யாணமுங்க."

"தம்பி, ரெண்டு நிமிசம். உசுரு போற வேலை."

கதிர்வேல் திரையை எட்டிப் பார்த்தார். "அட, கேமுங்களா! என்ற பையனும் இப்படித்தானுங்க. அவனுக்கு ஒம்பது வயசு."

"எந்திரிங்க," என்று பின்னாலேயே ஏறிவந்த சென்னியம்மாள் பல்லைக் கடித்தாள்.

எட்டு வருடத்துக்கு முன் இதே பங்காளிகளில் ஒருவர் பத்திரிகையை உட்கார்ந்தபடி வாங்கிவிட்டார். அந்த இரண்டு வீட்டாரும் இன்றுவரை சாவுக்குக்கூடப் போய்வருவதில்லை.

வாசலின் பச்சை விளக்குகள் திரையில் பெரிதாகின. இன்னும் எண்ணூறு மீட்டர். கெஞ்சுகிற கண்களோடு திருமலைசாமி ஒரு கையை நீட்டினார். வலது கை குச்சியில் இருந்ததால், நீண்டது இடது கை.

கதிர்வேலின் முகம் சுருங்கியது. தட்டு ஓர் அங்குலம் பின்னால் போனது.

"ஏனுங்க!" சென்னியம்மாளின் குரல் உடைந்தது.

திருமலைசாமி குச்சியை விட்டார். எழுந்தார். மனைவியோடு சேர்ந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். முதுகுக்குப் பின்னால் உலோகம் உரசும் சத்தம் நீளமாகக் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது, தட்டு கையில் இருந்தது.

"உங்க கண்ணுல தண்ணி வந்துபோச்சுங்களே அண்ணா," என்று கதிர்வேல் நெகிழ்ந்தார். "பெரியப்பன்னா இப்படியல்லொ இருக்கோணும்!"

"சாப்பிட்டுப் போங்க தம்பி," என்றார் திருமலைசாமி. குரல் எங்கிருந்தோ வந்தது.

"இல்லீங்கண்ணா, இன்னும் முப்பது ஊடு இருக்குதுங்க. குடும்பத்தோட வந்துபோடோணும்."

கார் கிளம்பிப் போனது. திரையில் புத்தம் புதுக் கப்பல் ஒன்று புறப்பட்ட இடத்திலேயே நின்றது. கண்டுபிடிப்புகள்: பூஜ்யம். தளபதி நாற்காலியில் சரிந்து, வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பத்திரிகையைப் புரட்டினார்.

உறையில் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.