அப்பாவை எழுப்பும் வேலை

ஊருக்கெல்லாம் விடியும்போது நம்பிராஜனுக்கு மட்டும் ராத்திரி ஆரம்பமாகும். ஒரகடத்தில் கார்க் கதவுக்குத் தகடு அழுத்தும் கம்பெனியில் அவனுக்கு நைட் ஷிப்ட். பிள்ளைக்குப் பகலில் ஒரு ஆள் வேண்டுமே என்று அவனே கேட்டு வாங்கியது. காலையில் மண்ணூர் நிறுத்தத்தில் அவன் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவான். மனைவி உலகம்மாள் தன் கம்பெனி பஸ்ஸுக்காக அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். சாவியையும் ஆறு வயது மகள் கனிஷ்காவையும் அவன் கையில் ஒப்படைத்துவிட்டு அவள் ஏறிப் போய்விடுவாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த அந்தத் தம்பதியின் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில் பேசிக்கொள்ளும் நாலு வார்த்தைதான்.

பள்ளிக்கூடம் இருந்தவரை பாதகமில்லை. பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தால் கும்பகர்ணன் தோற்றுப்போவான். கோடை லீவு விட்டதும் பிடித்தது சனி. இருப்பது ஒற்றை அறை. அதில்தான் அவன் தூங்கவும் வேண்டும், பிள்ளை விளையாடவும் வேண்டும். பிள்ளை விளையாடினாள், அப்பா தூங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி மெஷின் முன்னால் கண் சொக்கி, கூர்மையான தகட்டைக் கை தவறவிட்டான். நல்லவேளையாக சூப்பர்வைசர் பெருமாள்சாமி தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "விரலு வேணுமா, வேணாமாய்யா? வூட்ல தூங்கிட்டு வா!" என்று சத்தம் போட்டார்.

மறுநாளே அவன் தன் போனையும் காதில் மாட்டும் வயரையும் மகளிடம் கொடுத்துவிட்டான். "சத்தம் வரக்கூடாது, என்னட்டி?" என்றான். அவள் தலையாட்டினாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளைக்குப் போன் கிடைத்தது. அதன்பிறகு வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். நம்பிராஜன் நிம்மதியாகத் தூங்கினான். என் பிள்ளையைப் போலச் சமர்த்து உண்டா என்று கம்பெனியில் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தான்.

வீட்டுக்குள் அமைதி வந்தால் போதுமா? வெளியே ஜாஸ்மின் வீட்டுப் பையன்கள் இருந்தார்களே! வரிசையாக வீடுகள் இருந்த அந்தக் காம்பவுண்டில் அடுத்த வீடு ஜாஸ்மினுடையது. அவள் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பெரியவன் அன்பு அடித்த பந்து ஒருநாள் நம்பிராஜனின் கதவில் பட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நரசிம்ம அவதாரமாக வெளியே வந்தவன், "மனுசன் தூங்குத வீடுன்னு தெரியாதால?" என்று கத்திப் பந்தைப் பிடுங்கிக்கொண்டான். "இன்னாண்ணா, லீவு நாள்ல பசங்க வெளாடாம வேற இன்னா பண்ணும்?" என்று கேட்ட ஜாஸ்மினின் முகத்திலேயே கதவைச் சாத்தினான். பந்து பரணில் ஏறியது. அன்றிலிருந்து அவன் வீட்டு வாசல் பக்கம் ஒரு குழந்தையும் வருவதில்லை. எல்லாம் சுகமாகத்தான் இருந்தது, வல்லக்கோட்டைக்குப் போகும்வரை.

மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை அது. முருகன் கோயிலில் நல்ல கூட்டம். கற்பூரம் காட்டியபோது அப்பாமார் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைகளெல்லாம் தொண்டை கிழிய "அரோகரா" போட்டன. நம்பிராஜனும் மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"நீயும் சொல்லுட்டி."

கனிஷ்கா குனிந்து, அவன் காதுக்குள் "அரோகரா" என்றாள். கொசு ரீங்காரம் அதைவிடப் பலமாக இருக்கும்.

"சாமிக்குக் கேக்காண்டாமா? சத்தமா சொல்லு."

மறுபடியும் அதே கிசுகிசுப்பு. உலகம்மாள் சிரித்துவிட்டு, "ஏந்தாயி, சத்தமா சொல்ல மாட்டேங்க?" என்று கேட்டாள்.

"அப்பா முழிச்சிரும்லா?"

உலகம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. தோளில் பிள்ளையோடு, கொட்டக் கொட்ட விழித்தபடி நின்றுகொண்டிருந்த நம்பிராஜனுக்குச் சாமியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளை தூங்கியபிறகு உலகம்மாள் பேசினாள். அவளுக்குப் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. புதுப் போன்களின் திரையைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். "நாளு பூரா ஸ்க்ரீனத் தொடச்சுத் தொடச்சு அனுப்புதேன். ஊரான் வீட்டுப் பிள்ளைய கெடுக்கன்னு நெனச்சேன். எம் பிள்ளைக்குத்தான் அனுப்பியிருக்கேன் போலுக்கு," என்றாள்.

"நான் தூங்கணும்லா, உலகு? வெரலு போச்சுன்னா யாரு குடுப்பா?"

"தூங்க வேண்டாம்னு யாரு சொன்னா? இனி லீவு முடியுத மட்டும் அவளுக்குப் போன் கெடையாது. வழிய நீங்க பாருங்க."

இருவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் வம்பே.

மறுநாள் காலை அவன் போனை அணைத்து பீரோவுக்கு மேலே வைத்தான். கனிஷ்கா அழவில்லை, கேட்கவும் இல்லை. அவன் படுத்துக் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்துப் புரண்டபோது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் வீட்டிலிருந்த செருப்புகளையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். வாய் பெரிதாகத் திறந்து மூடியது, விரல் நீண்டு அதட்டியது, இல்லாத பிரம்பு காற்றில் வீசியது. சத்தம் மட்டும் துளிகூட இல்லை. பிறகு கடைசியில் இருந்த செருப்பைப் பார்த்து முறைத்து, தன் வாயில் விரலை வைத்து, படுத்திருந்த அப்பாவைச் சுட்டிக் காட்டினாள்.

அவன் சமர்த்து என்று ஊரெல்லாம் மெச்சிக்கொண்டது இதைத்தான். இவ்வளவு நாளும் போன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தான். உண்மையில் பிள்ளைதான் அவன் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிராஜன் எழுந்தான். முகத்தைக்கூடக் கழுவாமல் ஸ்டூலைப் போட்டுப் பரணில் கையை விட்டுப் பந்தை எடுத்தான். மகளைக் கூட்டிக்கொண்டு ஜாஸ்மின் வீட்டுக் கதவைத் தட்டினான்.

ஜாஸ்மின் பந்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இத்த இன்னும் வெச்சிகினா இருந்தீங்க? நீங்க அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டீங்க, நாய்தான் தூக்கினு பூட்ச்சுன்னு பசங்களாண்ட சொல்லிட்டேனேண்ணா!"

அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் ஒரு பொய் சொல்லியிருக்கிறாள் என்பது அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"அந்த நாயே கொண்டாந்து குடுத்துட்டுன்னு சொல்லிருங்க," என்றான்.

ஜாஸ்மின் குபீரென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் பாதிப் பகை தீர்ந்தது. வந்த விஷயத்தை அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மத்தியானம் வரைக்கும் பிள்ளை இங்கே விளையாட வேண்டும், அதற்குள் தூங்கி எழுந்துவிடுவான், சாயந்திரம் காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவது அவன் பொறுப்பு.

"வெளாட்டுன்னா சத்தம் போடுவாங்களேண்ணா. அப்பால சண்டைக்கி வரக்கூடாது."

"போடட்டும். காதுல பஞ்ச வச்சுக்கிடுதேன்."

"மத்தியானம் சாப்ட யாரு எழுப்புவாங்க? போன்ல அலாரம் வெச்சிக்கினீங்களா?"

"அத அணச்சாச்சு." அவன் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நீதான் எழுப்பணும். அத்தை சோறு வடிச்சதும் வந்து சத்தமாக் கூப்பிடணும். மெல்லக் கூப்பிட்டா அப்பா எந்திரிக்கவே மாட்டேன். தெரிஞ்சுதா?"

ஏதோ செய்யக்கூடாததைச் செய்யச் சொன்னதுபோல அவள் மிரண்டு பார்த்தாள்.

பஞ்சு ஒன்றும் உதவவில்லை. பந்து சுவரில் மோதியது. "அவுட்டு", "இல்லடா, போங்கு" என்று வாசல் அதிர்ந்தது. எல்லார் குரலும் கேட்டது, கனிஷ்காவின் குரலைத் தவிர. அதைத் தேடிக்கொண்டே அவன் தூங்கிப்போனான். அரைகுறைத் தூக்கம்தான். ஆனாலும் தூக்கம்.

கதவு கிரீச்சிட்டதில் விழித்துக்கொண்டான். வடித்த சோற்றின் மணம் வந்தது.

"அப்பா."

அதே கிசுகிசுப்பு. அவன் கண்ணைத் திறக்கவில்லை. "அப்பா" என்று இன்னொரு முறை கேட்டது. சின்ன விரல் ஒன்று முழங்கையைத் தொட்டுவிட்டு உடனே விலகியது. எழுந்து அவளை வாரி அணைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பொய்த் தூக்கம் இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

காலடிச் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தது. போய்விட்டாள். நாம் பூட்டிய பூட்டு, திறக்கவும் நமக்குத் தெரியவில்லையே என்று நினைத்தபடி எழப்போனான்.

"அப்பா! எந்திரிப்பா! எவ்ளோ நேரம் தூங்குவ? லீவே முடியப்போவுது, எந்திரி!"

வாசற்படியில் நின்று, இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க அவள் கத்தினாள். வெளியே பந்துச் சத்தம் நின்றது. "யார்ரா அது?" என்று ஜாஸ்மின் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். கனிஷ்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, திட்டப்போகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரியாக் கேக்கல தாயி. இன்னொருக்கக் கூப்பிடு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்.