நனையாத நான்கு கோடுகள்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. என் சகலை, படங்களுக்குக் கணினியில் விலங்கு செய்து கொடுக்கும் கம்பெனியில் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருந்தபோது சொன்னார்: "ரோமம் வைக்கிறது சுலபம். நூறு முடி நட்டு சீவிவிட்டா மிச்ச லட்சத்தையும் மெஷினே வளர்த்துடும். எங்க தேஞ்சிருக்கணும்னு தெரியணும். அங்கதான் உயிர் இருக்கு." அவருக்கு டோக்கன் வந்தது. எனக்குக் கதை.

2

முதல் தொடக்கம்: 'அந்த நாய்க்கு உயிரில்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆனால்'

'ஆனால்' போட்டதுமே பேய்க்கதை வாடை அடித்தது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தில் அவளுக்குச் சீப்புக்காரி என்று பெயர். திரையில் ஒரு நாயை மூன்று மாதமாகச் சீவிக்கொண்டிருந்தாள். (சொந்தத் தலையைச் சீவ நேரமில்லாதவள் என்றொரு நகைச்சுவை இங்கே இருந்தது. அவள் முறைத்தாள், எடுத்துவிட்டேன்.) படத்தில் அந்த நாய் வெள்ளத்தில் மூழ்கிச் சாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திங்கட்கிழமை வர வேண்டாம்.

மேலாளர் நாயைச் சுழற்றிப் பார்த்தார்.

"இடது பக்கத்தை அப்படியே வலது பக்கம் ஒட்டியிருக்க."

"நேரமில்லை சார்."

"எந்த நாய்மா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி படுத்துத் தூங்கும்? பொம்மைக் கடைக்கு வேணா அனுப்பலாம்."

அவள் வலது பக்கத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து நட்டாள். நாயின் முழங்கையில் ரோமத்தைத் தேய வைத்தாள். கழுத்துப்பட்டை உராயும் இடத்தில் குறைத்தாள். டீ குடித்துவிட்டு வந்தபோது, காதுக்குப் பின்னால் ரோமம் படிந்திருந்தது. நான்கு கோடுகள், பக்கத்துப் பக்கத்தில். தடவிக்கொடுத்த மாதிரி.

சீவி நிமிர்த்தினாள். மறுநாள் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், மறுபடியும் நான்கு கோடுகள்.

"டேய், என் நாயைத் தொட்டியா?" பக்கத்து மேசைத் தாடிக்காரனைக் கேட்டாள்.

"என் குரங்குக்கே பேன் பார்க்க நேரமில்ல, உன் நாயை நான் எதுக்குத் தொடப் போறேன்?" எட்டிப் பார்த்தான். "நீதானே சேவ் பண்ணியிருக்க. நாலு அஞ்சுக்கு."

"நாலு அஞ்சுக்கு நான் உன்கூட டீ குடிச்சிட்டிருந்தேன்டா."

தாடிக்காரன் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

3

வெள்ளிக்கிழமை. ரோமத்தை நனைத்தாள். நனைந்தால் முடி கொத்துக் கொத்தாகச் சேர வேண்டும், சேர்ந்தது. வயிறு ஒட்டி, நாய் பாதியாகிவிட்டது. அந்த நான்கு கோடுகள் மட்டும் உலர்ந்தே இருந்தன.*

"அங்க மட்டும் ஏன் காஞ்சிருக்கு?" என்றார் மேலாளர்.

"யாரோ பிடிச்சிட்டிருக்காங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஆறு மணிக்குள்ள கையை எடுக்கச் சொல்லு."

* முதல் வரைவில் ஐந்து. கட்டைவிரல் தாடைக்கு அடியில் போயிருக்க வேண்டும்.

4

முடிவு ஒன்று: சீவி அழிக்கிறாள், அனுப்புகிறாள். நாய் மூழ்குகிறது, வேலை நிலைக்கிறது.

இரண்டு: அழிக்காமல் வீட்டுக்குப் போகிறாள். வாசலில் அவள் மகள்

இல்லை. மகளை நேற்றே கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தக் குழந்தை இருந்தால் என்னால் நியாயமாக எழுத முடியவில்லை.

மூன்று: நாய் கரையேறி

படம் என்னுடையதல்ல.

சரி, ஒப்புக்கொள்கிறேன். 'தடவிக்கொடுத்த மாதிரி' என்ற வரியைத் தினமும் திறந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல் மூடிக்கொண்டிருந்தேன். அவள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து. வெள்ளிக்கிழமையை எழுதியதிலிருந்து என் புறங்கை ஈரமாகவே இருக்கிறது. துடைத்தும் பார்த்துவிட்டேன். உள்ளங்கை காய்ந்திருக்கிறது.

மணி ஐந்து ஐம்பது. அவள் சீப்பைக் கையில் எடுத்துவிட்டாள். நாய் கனக்கிறது, எனக்குக் கை மரத்துவிட்டது. விட்டால் அவளுக்கு வேலை. பிடித்தால் இதற்கு மூச்சு. இது தெரிந்தேதான் நாயை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். காதுக்குப் பின்னால், இன்னும் சற்றுக் கீழே. பயப்படாதீர்கள், கடிக்காது.

பிடித்தீர்களா?

நான் கையை எடுக்கிறேன்.