வளர்ப்புக் குறைக்கு ஒரு மேல்மாடி

“சீதனமா வீடு எழுதுறது வழமைதானே ஆதம்பாவா நானா, அதக் கேக்கல்ல. புள்ளட வளப்புக் குறைக்கு மேல்மாடியொண்டு போட்டுத் தாங்க,” என்றாள் பஸ்மியா.

தேநீர்த் தட்டோடு வந்த நஸ்ரியா குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளை வளர்த்த மூத்தாப்பா, தாயின் தகப்பன் ஆதம்பாவா, கதிரையின் நுனியில் இருந்தார். எதிரே மாப்பிள்ளையின் தாய் பஸ்மியா. அவள் மடியில் சாய்ந்து மகள்வழிப் பேத்தி, ஆறு வயது றஹ்மா. தரகர் ஸஹாப்தீன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன குறை?” மூத்தாப்பாவின் குரல் எழும்பவில்லை.

“கோவிக்காதீங்க. தாய் குவைத்தில. தகப்பன் வேற கலியாணம் முடிச்சிட்டான். ஆம்புள வளத்த புள்ள, படகு ஜெட்டியில உங்கட தேத்தண்ணிக் கடையில கிடந்து வளந்தது. சனம் கதைக்காதா?”

சனம் கதைக்காமல் இருந்த நாள் எது? தாய் நப்லா விமானம் ஏறியபோது நஸ்ரியாவுக்கு நான்கு வயது. பின்னல் போடத் தெரியாத மூத்தாப்பா அவள் முடியை ஒட்ட வெட்டிவிட்டார். மூதூர்ப் படகுக்குக் காத்திருக்கும் கிழவர்கள்தான் அவளுக்குக் கூட்டாளிகள். வகுப்புத் தோழியிடம் ஒருநாள், “இடுப்பு வலி எப்பிடி இரிக்கி?” என்று அவள் அக்கறையாக விசாரிக்க, வகுப்பே உருண்டு சிரித்தது. அதற்குப் பிறகு பாண்டி விளையாட அவளை யாரும் கூப்பிடவில்லை. தெருவிலுள்ள தாய்மாரும் கூப்பிட விடவில்லை.

“மத்தது,” என்று பஸ்மியா தொடர்ந்தாள், “கலியாணத்துக்குப் பொறகு நீங்க மூதூர்ல தம்பிட வீட்டுல போய் இருந்தா நல்லம். புதுசா முடிச்சதுகள் இருக்கிற வீடு பாருங்க.”

நப்லா அனுப்பிய காசில் கல்லுக்கல்லாகத் தான் கட்டுவித்த சுவரை மூத்தாப்பா ஒருமுறை பார்த்தார்.

“சரி, நான் போறன். அவளுக்கு நல்லது நடந்தாப் போதும். நான் வளத்தது பிழையாத்தான் போயிருக்கும்.”

மேல்மாடியைக் கூட நஸ்ரியா பொறுத்திருப்பாள். இந்தச் சொல்லைப் பொறுக்கவில்லை. வந்து தட்டை வைத்தாள்.

“ஸஹாப்தீன் மாமா, எழுதினத வாசிங்க.”

தரகர் வாசித்தார். “தாய் தகப்பன் வளர்க்காத பிள்ளை. குறைக்கு மேல்மாடி. வளர்த்தவர் வீட்டை விட்டுப் போக வேண்டும்.”

“கேட்டது பஸ்மியா மாமி எண்டு கீழ எழுதுங்க.”

அவர் எழுதினார். நஸ்ரியா றஹ்மாவின் தலையைத் தடவினாள். “இவட உம்மா தோஹாவுக்குப் போய் எத்தின வருஷம், மாமி?”

“நாலு,” என்றாள் பஸ்மியா. சொன்ன பிறகுதான் அவளுக்கு முகம் மாறியது.

“இவவுக்கும் ஒருநாளைக்கு மாப்பிள்ள பேசி வருவாங்க. விலை இதுதான். மேல்மாடி ஒண்டு. வளத்த மாமி வெளிய.”

“அது வேற, இது வேற! நான் பொம்புள, எனக்கு வளக்கத் தெரியும். சின்னப் புள்ளய இதுக்குள்ள இழுக்காத!”

“நானும் அண்டைக்குச் சின்னப் புள்ளதான், மாமி.”

பஸ்மியா தரகர் பக்கம் திரும்பினாள். “அத வெட்டுங்க!”

தரகரின் பேனை இறங்குமுன் நஸ்ரியாவின் உள்ளங்கை கொப்பியை மூடியது.

“வெட்டலாம். மூத்தாப்பாட முகத்தப் பாத்து, ‘புள்ளய நல்லா வளத்திருக்கீங்க’ எண்டு ஒருக்காச் சொல்லுங்க. நானே வெட்டுறன்.”

“விடு மகள்,” என்றார் மூத்தாப்பா. அவள் விடவில்லை.

பஸ்மியா எழுந்தாள். பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

“சொன்னா என்ன, மூத்தும்மா?” என்று றஹ்மா கேட்டது உள்ளே தெளிவாகக் கேட்டது. நஸ்ரியாவின் மனம் ஒருகணம் இளகத்தான் செய்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

“அந்தச் சின்னப் புள்ளட வாழ்க்க, மகள். வெட்டிவிடுவமா?” என்றார் தரகர்.

“கிடக்கட்டும், மாமா. நாளைக்குக் கலியாணம் பேசப் போற வீட்டுலயும் வாசிச்சுக் காட்டுங்க.”