கார்டு விசில் ஊதவில்லை

என் சம்பந்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லும் நாள் ஒன்று வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், வெயிலில் அலைந்து வந்திருக்கிறார் பாவம் என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பேன். எங்களுக்குள் அவ்வளவு ராசி.

அவர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம், தெருவைப் பார்த்த முன்னறையில், என் மாவு மில். அந்தப் பக்கம், அவருடைய முன்னறையில், அவரும் அவருடைய சாய்வு நாற்காலியும். நான் மெஷினைப் போட்டால் அவர் கைத்தடியால் சுவரைத் தட்டுவார். அவர் தட்டினால் நான் இன்னொரு மூட்டையைப் பிரிப்பேன். மிளகாய் அரைக்கும் நாளில் அந்தப் பக்கமிருந்து தும்மல் சத்தம் வரிசையாகக் கேட்கும். மனத்துக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருக்கும்.

இந்த லட்சணத்தில் என் மகளும் அவர் மகனும் ஒருவரை ஒருவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். வழியனுப்பும்போது நான் கண்ணீர் விடுவேன் என்று உறவுக்கூட்டம் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வாசலுக்குப் போகிறவளுக்கு என்ன அழுகை? மறுநாள் காலையிலேயே சர்க்கரை கேட்டு வந்து நின்றாள்.

எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு வியாதி, தண்ணீர். வீடுகளுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. மழைத்தண்ணீர் அங்கேதான் போயாக வேண்டும். ஆனால் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு பூனை நுழையக்கூட இடைவெளி கிடையாது. இடம் கிடைக்காத ஊரில் யார்தான் இடைவெளி விடுவார்கள்? அதனால் மழை பெய்தால் தண்ணீர் வந்து, எங்கே போவது என்று தெரியாமல் எங்களோடேயே தங்கிவிடும்.

இது போதாதென்று, நகராட்சி பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுக்கொண்டு போனது. ரோடு உயர உயர நாங்கள் வாசற்படியை உயர்த்தினோம். ஏட்டிக்குப் போட்டி. கடைசியில் என் மில்லுக்குள் வருகிறவர்கள் இரண்டு படி ஏறி, பிறகு நாலு படி இறங்க வேண்டியதாயிற்று. அப்படியும் தண்ணீர் வந்தது. வாசலில் தடுத்தால் சாக்கடைக் குழாய் வழியாக வந்தது, அதை அடைத்தால் தரையிலிருந்தே ஊறியது. மாவும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதை ஒரு மில் அளவுக்கு நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நான் கரண்டியால் தரையைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

தெருவிலேயே பள்ளமான இடத்தில் இருப்பவை எங்கள் இரண்டு வீடுகள். இரண்டையும் இடித்துவிட்டுக் குளத்துக்குக் கால்வாய் வெட்டலாம் என்று நகராட்சி முதலில் ஒரு திட்டம் போட்டது. அன்று நான் நகராட்சி அலுவலகத்தில் போட்ட சத்தத்தில், மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் ஒரு பெண்ணை அனுப்பினார்கள்.

அவள் ஒரு கட்டட வடிவமைப்பாளர். வெயில் கொளுத்தும் நாளிலும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்ததால், தெரு முழுக்க அவளை பூட்ஸ் என்றே கூப்பிட்டோம். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. தெரு முனைத் தையல்கடை மாடியில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"தண்ணிய நிறுத்த முடியாதுங்க. இத்தனை வருஷமா முயற்சி பண்ணித்தான் இந்தக் கதி. அதுக்கு ஒரு வழி விட்ருவோம். ரோட்டைச் சுரண்டிப் பழைய மட்டத்துக்கு இறக்கறோம். இந்த ரெண்டு வீட்டையும் ஜாக்கி வச்சுத் தூக்கறோம். ரெண்டுல அதிகப் பள்ளத்துல இருக்கற வீட்டைத் தூண் மேல நிறுத்திட்டா, தண்ணி அடியில புகுந்து குளத்துக்குப் போயிடும்."

"அதுக்கு இடிச்சிட்டே போகலாமே?" என்றார் கடைசி வீட்டுக்காரர். அவர் வீடு இல்லை பாருங்கள், அதனால்.

"நல்லா இருக்கற வீட்டை எதுக்கு இடிக்கணும்? இடிச்ச கல்லும் மண்ணும் எங்க போகும்னு நினைக்கறீங்க? இன்னொரு குளத்தை மூடத்தான் போகும். அப்புறம் அந்தத் தெருவுல போய் நான் இதே கூட்டத்தைப் போடணும்."

எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. ஆனால் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். இரண்டில் அதிகப் பள்ளம் என் வீடு, தூணில் நிற்கப்போவது அது மட்டும்தான். அந்த முன்னறையின் தரை என் மெஷினைத் தாங்காது. எடை மட்டும் என்றால் சமாளித்துவிடலாம், அதிர்வைத்தான் சமாளிக்க முடியாது. நாளெல்லாம் அதிர்ந்தால் தூணும் சுவரும் விட்டுக்கொடுத்துவிடும். மில்லுக்குக் கெட்டியான தரை வேண்டும்.

"மார்க்கெட்ல ஒரு கடை ஏற்பாடு பண்ணச் சொல்லிப் பாக்கறேம்மா."

மார்க்கெட் ஊரின் அந்தக் கோடியில். என்னிடம் அரைக்க வருகிறவர்கள் எல்லாம் இடுப்பில் ஒரு டப்பா, கையில் ஒரு பிள்ளை என்று நடந்து வருகிறவர்கள். அங்கே யார் வருவார்கள்? நான் திரும்பிப் பார்த்தேன். தெருவே மாடிப்படியில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன மழையில் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தவர்கள். அவர்கள் நடுவில் என் மகளும் நின்றாள்.

"எனக்கும் வயசாச்சு. மில்லை மூடிடலாம்னுதான் இருந்தேன்" என்றேன். வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் துணியை எடுத்து மெஷினைத் துடைக்க உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரும் நானும் பழையதாக வாங்கி, நாங்களே பிரித்து, எண்ணெய் போட்டு, மாட்டியது. அவர் போனபிறகு எனக்குச் சோறு போட்டது, மகளைப் படிக்கவைத்தது எல்லாம் அதுதான்.

வேலை ஆரம்பமானது. ஜாக்கி மேஸ்திரி ஆட்களோடு வந்து, சுவர்களை ஒட்டிப் பள்ளம் தோண்டி, அடித்தளத்துக்கு மேலே இரும்புச் சட்டங்களைச் செருகி, அவற்றின் கீழே ஜாக்கிகளை வரிசையாக உட்காரவைத்தார். நடுவில் இருப்பது ஒரே சுவர் என்பதால் இரண்டு வீடும் சேர்ந்துதான் எழுந்தாக வேண்டும். எல்லா ஜாக்கியும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திரும்ப வேண்டும். ஒன்று முந்தினாலும் சுவரில் விரிசல் விழும்.

மேஸ்திரி ஒத்திகை பார்த்தபோது "ஏய்… ஹோய்!" என்று கத்திக் காட்டினார். சம்பந்திக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா இது, மாடு ஓட்டற மாதிரி? அந்தக் கோடியில இருக்கறவனுக்குக் கேக்க வேண்டாமா?" என்று உள்ளே போய், பழைய விசிலை எடுத்து வந்து ஒரு ஊது ஊதினார். தெருக்கோடியில் சைக்கிளில் போன ஆள் காலை ஊன்றி நின்றுவிட்டார். மேஸ்திரி சிரித்து, "இனிமே நீங்களே ஊதுங்க ஐயா" என்று கும்பிட்டார். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு எழும்ப வேண்டிய நாள் காலை. பழைய இரும்பு வாங்குகிறவரை நான் அன்றைக்கே வரச்சொல்லியிருந்தேன். எடுத்துக்கொண்டு போகட்டும், ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடட்டும் என்று. அவருடைய வண்டி தெரு ஓரத்தில், முந்தின நாளே கழற்றி வெளியே வைத்திருந்த மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தெரு ஜனம் முழுக்க எதிர்வரிசையில் கூடியிருந்தது. ஆட்கள் குனிந்து ஜாக்கியைத் திருப்பும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தி கார்டு கோட்டை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் சுருட்டிய பச்சைக்கொடியோடு நடுத்தெருவில் நின்றார். விசிலை வாயில் வைத்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அந்த வண்டி யாருக்கு?"

நான்தான் சொன்னேன். "மெஷினை எடுத்துட்டுப் போக வந்திருக்கு. நீங்க ஊதுங்க சம்பந்தி."

"எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?"

"எத்தனை தடவை சொல்றது? அரைச்ச மாவையே அரைக்காதீங்க. எனக்கு வயசாச்சு, மூடறேன். ஆளுங்க குனிஞ்சுக்கிட்டு நிக்கறாங்க, ஊதுங்க."

"மூடறவங்க தினம் காலையில எதுக்குக் காலி மெஷினை ஓட்டிப் பாக்கறீங்க?"

எனக்குச் சுரீரென்றது. வாடிக்கைக்காரர்களை எல்லாம் நிறுத்தியபிறகும், நான் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மெஷினைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"துருப் பிடிக்கக் கூடாதுன்னு…" என்றேன்.

"இரும்புக் கடைக்குப் போற மெஷினுக்குத் துருப் பிடிச்சா என்ன?" என்றார் அவர். "லோடு வண்டிச் சத்தம் எது, காலி வண்டிச் சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே படுத்துக்கிட்டிருக்கேன்."

மேஸ்திரி, "ஐயா, ஆளுங்களுக்கு முதுகு வலிக்கும்" என்றார் மெதுவாக.

"நிமிரச் சொல்லு. சர்வீஸ் முழுக்க நான் கடைசிப் பெட்டியில போனவன். பிளாட்பாரத்துல ஒருத்தர் ஏறாம நிக்கறப்போ கொடி காட்டினதே இல்லை. இப்ப மட்டும் காட்டுவேனா?" அவர் பூட்ஸ் பக்கம் திரும்பினார். "ஏம்மா, என் முன்னறைக்கு அடியில தூணா, மண்ணா?"

"மண்ணுதாங்க. உங்க பக்கம் தரை கொஞ்சம் மேடு, கெட்டி. தூக்கினப்புறம் அடியில நிரப்பி இறுக்கிடுவோம்."

"அதுல இவங்க மெஷின் உக்காருமா?"

"தாராளமா உக்காரும்."

"அப்ப இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

பூட்ஸ் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் இதை யாருங்க கேக்கறது?"

தெரு முழுக்கச் சிரிப்பு. என் மகள்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்க நாற்காலி?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்க வரவில்லை.

"நடுச்சுவத்துல ஒரு கதவு போட்டா நான் உங்க முன்னறைக்கு வந்துடறேன். காத்தாவது வரும். ஆனா மத்தியானம் ஒரு தூக்கம் போடுவேன், அப்ப மெஷினை நிறுத்தணும். மிளகாய் அரைக்கறதா இருந்தா முதல் நாளே சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

இரும்புக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனபிறகுதான் அவர் விசிலை வாயில் வைத்தார். ஒரு ஊதலுக்கு ஜாக்கி கால்வாசிச் சுற்று திரும்பும். மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைச் சுவரில் பிடித்து மட்டம் பார்ப்பார், தலையசைப்பார். மறுபடி ஒரு ஊதல். பார்த்தால் எதுவும் நடப்பதாகவே தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, சுவருக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அடியில் நான் வெளிச்சத்தைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

இப்போது என் மில் அவர் வீட்டில் இருக்கிறது. தரை உயர்ந்ததில் நான் நினைத்தே பார்க்காத ஒரு வசதி: வாசல் மட்டமும் மூட்டை கொண்டுவரும் வேன் தட்டின் மட்டமும் ஒன்றாகிவிட்டதால், மூட்டையைத் தூக்க வேண்டாம், இழுத்தால் போதும். டப்பாவோடு நடந்து வருகிறவர்களுக்குப் பக்கவாட்டில் சாய்தளம் போட்டுக் கொடுத்திருக்கிறாள் பூட்ஸ். ரோட்டைச் சுரண்டி எடுத்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை ரோடு! உரித்ததையெல்லாம் வேறொரு சாலைக்குப் போட எடுத்துப்போனார்கள். என்னுடைய பழைய முன்னறையில் சம்பந்தி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். நடுச்சுவரில் கதவு வந்துவிட்டது, இருந்தாலும் மத்தியானமானால் பழையபடி சுவரைத்தான் தட்டுகிறார். நான் உடனே மெஷினை நிறுத்திவிடுகிறேன்.

பெரிய மழை போன வாரம்தான் வந்தது. நான் பழக்கதோஷத்தில் மூட்டைகளை மேலே ஏற்ற ஓடினேன். பிறகுதான் எதையும் ஏற்ற வேண்டியதில்லை என்று உறைத்தது. தெருவில் ஓடிவந்த தண்ணீர் எங்கள் வாசலுக்கு முன்னால் திரும்பி, என் வீட்டுக்கு அடியில் புகுந்து, பின்னால் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் அடுப்பு தரையிலேயே எரிந்தது. கடைசி வீட்டுக்காரர் குடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். மாவு கொஞ்சமும் நனையவில்லை. எனக்கு எல்லாரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பூட்ஸை, மேஸ்திரியை, அன்று முதுகு வலிக்கக் குனிந்து நின்ற ஒவ்வொரு ஆளையும். அவர்களிடமெல்லாம் நன்றி சொல்லிவிட்டேன். ஒருவரிடம் மட்டும் சொல்லவே இல்லை.

மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையால் கை மாவைத் துடைத்துக்கொண்டு, நடுக்கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனேன். சம்பந்தி நாற்காலியில் இல்லை. வாசல் கைப்பிடிச் சுவர் ஓரமாக விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். காலுக்கு அடியில் தண்ணீர் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. கையில் பச்சைக்கொடியை விரித்துப் பிடித்திருந்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"கொஞ்சம் இருங்க" என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வண்டி போயிட்டிருக்கு."

நானும் அவர் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். நல்ல நீளமான வண்டி.