பட்டை விட்ட தடம்

கல்யாண நாள் பரிசாக என் கணவர் அந்தக் கடிகாரத்தைக் கையில் கட்டிவிட்டபோது அது பரம சாது. மணி காட்டும், போன் வந்தால் சிணுங்கும், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருமுறை அதன் மென்பொருளுக்கு ஒரு புதுப் பதிப்பு வந்தது. ஒவ்வொன்றிலும் அதற்குப் புத்தி கூடியது, எனக்கு மூச்சு முட்டியது. முதலில் நடையை எண்ணக் கற்றுக்கொண்டது. "இன்னிக்கு நிறைய நடந்திருக்கியே, எங்க போன?" என்றார். அடுத்த பதிப்பு அவருக்குக் கேட்கிற சிரமத்தைக்கூட வைக்கவில்லை. நான் நிற்கும் தெருவை அவர் போனுக்கே அனுப்பியது. அதற்கப்புறம் நாடித் துடிப்பு. சீரியல் பார்த்து அழுதால்கூட ஆபீஸிலிருந்து போன் வரும்.

"யார்கூடப் பேசிட்டிருந்த? நெஞ்சு இப்படி அடிக்குது?"

கழற்றி வைத்தால் இன்னும் மோசம். உடனே அவருக்குச் சேதி போய்விடும். குளிக்கப் போவதற்கும் சொல்லிவிட்டுப் போனேன். அக்கறை என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பார்சல் கிடங்கில் ஆள் எடுப்பது தெரிந்ததும் அவருக்குத் தெரியாமல் விண்ணப்பித்தேன். எனக்கென்று ஒரு சம்பளம், பிறகு எங்காவது தனியாக ஓர் அறை. அதுதான் மொத்தத் திட்டமும். நேர்காணலன்று குளிக்கப் போவதாக அவரிடம் சொல்லிவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி என் நாத்தனார் கையில் கட்டினேன். எங்களோடு தங்கிப் படிப்பவள். அண்ணனைவிட என்மேல்தான் ஒட்டுதல்.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி. நான் வீட்டுக்குள்ளயே உலாத்திட்டு இருக்கேன்."

"படுத்துத் தூங்கிடாதே. பகல்ல நான் தூங்கினா அதுக்கும் ஒரு கேள்வி வரும்."

கிடங்கு வாசல் பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தபோது அவள் போன் வந்தது. குரல் கம்மியிருந்தது.

"அண்ணி, தப்புப் பண்ணிட்டேன். புதுப் பதிப்பு வந்திருக்கு, ஏத்திக்கவான்னு இது நச்சரிச்சுது. சரின்னு அமுக்கிட்டேன். இப்ப நாடியை வச்சே வேற ஆளுன்னு கண்டுபிடிச்சிருச்சு."

"அண்ணனுக்குப் போயிடுச்சா?"

"போயிடுச்சு. வீட்டுக்குக் கிளம்பிட்டாராம்."

வீட்டுக்கு ஓடிவிடலாமென்று எழுந்தேன். அதற்குள் அவர் போன் வந்துவிட்டது. உள்ளேயிருந்தும் கூப்பிட்டார்கள். இனி வேலை கிடைக்காமல் அந்த வீட்டுப் படியேறினால் என் கதை முடிந்தது. போனை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

மேனேஜர் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நாள் முழுக்க நிற்க முடியுமா, பாரம் தூக்க முடியுமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

"சரி, நாளையிலேருந்து வாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எத்தனை காலத்துக்கு அப்புறம் சந்தோஷத்தில் ஓர் அழுகை. அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"இங்க எல்லாரும் இதைக் கட்டணும். எந்தப் பார்சல் எந்த அலமாரின்னு காட்டும். நீங்க எங்க நிக்கிறீங்க, எவ்வளவு நேரம் சும்மா இருக்கீங்கன்னு எனக்கும் தெரிஞ்சிடும். வீட்டுக்குப் போனாலும் கழட்ட வேணாம். சரியாத் தூங்குறீங்களான்னு பாத்துக்கும். புதுப் பதிப்பு."

பட்டையைப் பிரித்தவர் என் இடது மணிக்கட்டைப் பார்த்தார். பழைய பட்டை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

"ஏற்கெனவே கட்டிப் பழக்கமா? அப்ப உங்களுக்குக் கஷ்டமா இருக்காது."

அணைத்து வைத்த போனை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் கையை நீட்டினேன்.