பத்தியில் இல்லாத மேடம்

"கடவுளே, நான் பாஸாகாட்டாலும் பரவாயில்ல, ஊசி ஃபெயிலாகணும்."

கைகூப்பி நின்ற டீச்சரின் பின்னால் நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, வரம் கேக்கும்போதாவது உங்களுக்குன்னு கேளுங்க."

ஊசி என்பது செவிலியர் கல்லூரித் தலைவிக்கு மாணவிகள் வைத்த பெயர். டீச்சர் அங்கே விரிவுரையாளர். போன வருடம் முனைவர் பட்ட நுழைவுத் தேர்வில், ஆங்கில வாசிப்புப் பகுதியில் டீச்சர் தோற்றுப்போனாள். தலைவி ஊழியர் அறையில் எல்லார் முன்னாலும், "உனக்கு மருந்துச் சீட்டு படிக்கத் தெரிஞ்சா போதும்மா. ஆராய்ச்சி எதுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

இந்த வருடம் தலைவியும் அதே தேர்வை எழுத வேண்டியதாயிற்று. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் தலைமைப் பதவியில் நீடிக்க முடியாது என்று விதி மாறியிருந்தது. சம்பளத்துடன் படிப்பு விடுப்பு ஒருவருக்குத்தான். அதிக மதிப்பெண் யாருக்கோ அவருக்கு. அதைத் தட்டிப் பறிப்பதுதான் டீச்சர் தீர்க்க நினைத்திருந்த பழி.

இருவரும் போனது ஒரே பயிற்சி வகுப்பு. மாதிரித் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்வது அங்கே வழக்கம். அன்று தலைவியின் தாள் டீச்சர் கைக்கு வந்தது.

படித்து விடை குறிக்கக் கொடுத்த பத்தி ஒரு பழைய மருத்துவரைப் பற்றியது. காய்ச்சல்காரர் அறையில் ஜன்னலை மூடியே வைக்க வேண்டும் என்று அவர் நம்பினார். கேள்வியும் அதுதான்: அவர் கருத்து என்ன? தலைவியோ, காற்றோட்டம் வேண்டும் என்ற விடையைக் குறித்திருந்தார். கண் முன்னால் இருந்ததை விட்டுவிட்டுத் தமக்குத் தெரிந்ததை எழுதியிருந்தார். அடுத்த பத்தியிலும் அப்படியே. டீச்சர் சிவப்புப் பேனாவை ஆசையாக அழுத்தி ஒவ்வொரு விடையையும் அடித்தாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

"தானா விழுந்து வாரட்டும்," என்றாள் வீட்டில்.

நாத்தனார் அண்ணியின் பயிற்சித் தாளை விடைப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இது தப்பு அண்ணி. மேலதிகாரிகளைப் பத்தி இதை எழுதினவரு என்ன நினைக்கிறாருன்னு கேட்டா, வெறுக்கிறாருன்னு போட்டிருக்கீங்க."

"வெறுக்கத்தானே செய்றாரு."

"எங்க? எந்த வரியில?"

டீச்சர் மறுபடி படித்தாள். எழுதியவர் மேலதிகாரிகளைத் திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. இருப்பதைச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

"உங்க மேடம் இந்தப் பத்தியில இல்லவே இல்ல அண்ணி. நீங்கதான் கையோட கூட்டிட்டு வந்திருக்கீங்க."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் தாளில் அவ்வளவு ஆசையாக அடித்த தப்பு தன் தாளிலும் உட்கார்ந்திருந்தது. பகையைச் சுமந்துகொண்டு போகிறவருக்கு எந்த வாசலும் இடிக்கத்தான் செய்யும்.

மறுவாரம் வகுப்பு வாசலில் தலைவியை நிறுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "மேடம், நமக்குத் தெரிஞ்சதை எழுதக் கூடாது. அவங்க சொன்னதை மட்டும்தான் எழுதணும். உங்க தப்பு முழுக்க அங்கதான்."

தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னைக் கவுக்கப் பாக்கிறியா?"

"நம்பாட்டி விடுங்க."

தேர்வன்று இரண்டு வரிசைக்கு முன்னால் தலைவி. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் விரல் பத்திக்குத் திரும்பிப் போவதை டீச்சர் பார்த்தாள். வயிறு எரிந்தது. பிறகு தன் தாளைப் பார்த்தாள். அதில் எழுத்துகள் மட்டும் இருந்தன, மேடம் இல்லை.

இருவரும் தேறினார்கள். தலைவிக்கு இரண்டு மதிப்பெண் அதிகம். விடுப்பு அவருக்கே.

"சொல்லாம இருந்திருக்கலாம்," என்று டீச்சர் வீட்டில் பாத்திரங்களை இடித்து வைத்தாள். நாத்தனார் அவற்றை எடுத்து அடுக்கினாள்.

விடுப்பில் போகும் முன் தலைவி ஊழியர் அறைக்கு வந்தார். எல்லாரும் இருந்தார்கள். "மதியத்துக்கு மேல இவளுக்கு வகுப்பு போடக் கூடாது. பல்கலைக்கழகம் போகணும்," என்று டீச்சரைக் காட்டிப் பொறுப்பேற்பவரிடம் சொன்னார். "முனைவர் ஆகப் போறவ."

யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் எழுந்து பின்னாலேயே போனாள். "எதுக்கு மேடம் இது?"

"பதிலை என்கிட்ட கேக்காதே. பத்தியில தேடு," என்று திரும்பாமலே நடந்தார் ஊசி.