பழைய பெட்டியில் புதிய பைத்தான்

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, என் மனைவியின் தையல்கடைக் கம்ப்யூட்டரில் இருந்த பைத்தான் இன்டர்பிரிட்டர் என்ற மென்பொருளை நானே அழித்துவிட்டேன். எம்பிராய்டரி மெஷினுக்குப் பூ டிசைனை அனுப்பும் புரோகிராம் அதை நம்பித்தான் ஓடியது என்பது, மெஷின் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் ஒரு மணப்பெண்ணின் உடையைக் கொடுத்தாக வேண்டும்.

"இந்தக் கிழட்டுப் பெட்டிக்கெல்லாம் இப்ப யாரும் பைத்தான் ரெடியா தர்றதில்ல மாமா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றான் மைத்துனன்.

"தராட்டிப் போறாங்க. சோர்ஸ் கோடை இறக்கி, இந்தப் பெட்டியில ஓடுற மாதிரி நானே கம்பைல் பண்றேன்!" என்ற நான், மனைவியிடம் திரும்பினேன். "நீ என்னம்மா சொல்ற?"

"எனக்குப் பட்டன் தைக்கிற வேலை இருக்கு" என்றாள்.

வீறாப்பில் நான்கு கோப்புகளை ஒரே சமயத்தில் கம்பைல் செய்யச் சொன்னேன். மெமரி நிரம்பி, பெட்டி அப்படியே உறைந்தது.

"அஞ்சலி செலுத்தலாமா மாமா?"

"வாயை மூடுடா!"

மறுபடி தொடங்கி, ஒவ்வொன்றாகச் செய்யவிட்டேன். மேஜை விசிறியைப் பெட்டியின் பக்கம் திருப்பிவிட்டு நான் வியர்த்தேன். மைத்துனன் போனில் புதுக் கம்ப்யூட்டர்களின் படங்களை நீட்டிக்கொண்டே இருந்தான். நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பொழுது சாயும்போது கம்பைல் முடிந்தது. புரோகிராம் ஓடியது. மெஷின் முதல் இதழைத் தைத்தது.

"இப்பவாவது நேரா சொல்லு. புதுசு வாங்கணுமா?"

அவள் நூலை வெட்டிவிட்டு நிமிர்ந்தாள். "வேண்டாம், இதுவே போதும். ஆனா இனிமே நீங்க இதைத் தொடக் கூடாது."